கிணற்றைப் பற்றிக் கேட்டவர்

என் மகளின் அப்பாவுக்கு,

பிள்ளை பெற்றவள் சித்தம் கலங்கினால் அது அமகிரோ, கர்ப்பத்தில் கணவனுக்குத் துரோகம் செய்தவளுக்கே வரும் என்றார் அத்தை. கம்பாலாவிலிருந்து நீங்கள் போன் செய்வதை நிறுத்தினீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று சுகாதார நிலையத்திலிருந்து நபுகென்யா அக்கா வந்து, என்னோடு உட்கார்ந்து வாழைக்காய் சீவினார். "கிணத்தைப் பாத்தா கொழந்தையோட எறங்கிடலாம்னு தோணுதா?" என்றார், உப்பு போட்டாச்சா என்று கேட்பதுபோல.

தலையாட்டினேன். இடி விழவில்லை. ஒரு வாழையிலைகூட அசையவில்லை.

"எனக்கும் தோணிச்சுடி. எம் புருஷனைத் தவிர எவனையும் நான் ஏறிட்டுப் பாத்ததில்ல. இது சீக்கு, பாவமில்ல. அன்னிக்குக் கைக்கொழந்தையா இருந்தவதான் இப்ப என்னையே அதட்டுறா."

சீக்கு என்ற அந்தச் சின்னச் சொல்லை வாய்க்குள் சொல்லியபடி, இரண்டு மாதத்தில் முதல்முறையாக மகளின் முகத்தைப் பார்த்தேன்.

அப்படியே உங்கள் மூக்கு. இத்தனை நாள் அதை நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்