கதவு நிலையில் வழிந்த சந்தனம்

அம்மணிக்கு,

சென்னிமலையில் உன் அம்மா வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். குழந்தை அசைகிறதா என்று மட்டுமாவது உடனே எழுது.

பெருந்துறையில் நாங்கள் கட்டிய இரும்பு அறையைச் சோதிக்க நாளை வருகிறார்கள். மின்கருவிகளை வைத்துப் பரிசோதிக்கிற அறை. கதவைச் சாத்தினால் ரேடியோ அலைகூட உள்ளே நுழையக் கூடாது. இன்று என்கூட வேலை செய்யும் ரசாக் அண்ணன் டிரான்சிஸ்டரைப் பாடவிட்டு அதோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உடனே திறந்து தலையை நீட்டினார்.

"ஏனுங்க, பாட்டு நிக்கவே மாட்டீங்குதுங்க!"

தப்பு என்னுடையது. வெள்ளிக்கிழமை கதவு நிலையில் சந்தனம் வைத்தேன். அது வழிந்து, கதவு வந்து அழுந்துகிற பித்தளைப் பட்டைமேல் காய்ந்து, கதவைச் சரியாகப் பதியவிடவில்லை. நானே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பாட்டு நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தச் சந்தனத்தை நான் அறைக்காக வைக்கவில்லை, அம்மணி. வெளிப்பக்கத்தில் ஒரே ஒரு பொட்டை மட்டும் துடைக்காமல் விட்டிருக்கிறேன்.

நாம் வெறுங்கையோடு வீடு திரும்பிய போன பிரசவத்தின்போது நான் எங்கேயும் எதுவும் வைக்கவில்லை.

தபால்காரர் வரும் வழியையே பார்த்திருக்கும்
உன் வீட்டுக்காரன்