கோயிலில் சொன்னால் போதாது

ஜூன் 11, செவ்வாய்

பர்மாவில், லத்தா பகுதியில் இருக்கும் எங்கள் குடும்பக் கம்பெனியின் கூட்டத்துக்கு என் கணவரின் அண்ணன் எனக்குக் கடிதம் அனுப்பவில்லை. கோயிலில் விபூதி வாங்கும்போது வாயால் சொன்னதே போதும் என்று கூட்டம் போட்டு, என்னை இயக்குநர் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்.

இன்று வட்டார நீதிமன்றத்தில் என் மகள்தான் எனக்காக வாதாடினாள். கம்பெனிச் சட்டம் ஒன்றிய அரசுடையது, இந்த நீதிமன்றத்துக்கு இதில் என்ன வேலை என்று கணவரின் அண்ணனுடைய வக்கீல் கேட்டார். மகள் குரலை உயர்த்தவே இல்லை. சட்டம் நாட்டுக்கே ஒன்றுதான், ஆனால் கம்பெனி இந்த ஊரில் இருப்பதால் இங்கேதான் விசாரிக்க வேண்டும் என்று பர்மிய மொழியில் நிதானமாகச் சொன்னாள். நீதிபதி வழக்கை ஏற்றுக்கொண்டார்.

படியிறங்கும்போது கணவரின் அண்ணன் என்னிடம் வந்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு நல்லா பேசுச்சும்மா. அடுத்த கூட்டத்துக்குக் கடுதாசி போட்டுடுறேன்."

இன்று வாதத்தில் தோற்றவருக்கு என்னைவிடப் பெருமை. அவர்மேல் ஒழுங்காகக் கோபப்படக்கூட முடியவில்லை.