கயிற்றுக் கட்டில் கொமாந்தான்

மச்சான்,

இன்றைக்குக் காலையில் கூரை வேயக் கரும்புச் சோகை கட்டுக் கட்டாக வாசலில் வந்து இறங்கியது. காய்ந்த சோகையின் வாசனை மூக்கில் ஏறினதுமே உன் கூரைதான் நினைவுக்கு வந்தது. எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் நடுவில் பேச்சை நிறுத்தினால் அவளும் நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்க்கிறாள்.

நீ என் தங்கை அஞ்சலையைக் கட்டினவன். அதற்கு முன்பே எனக்குக் கூட்டாளி. சைகோன் கப்பலில் தரை கழுவும் வேலைக்குப் போனாய். கப்பலை ஓட்டுகிற மேல் அறையைத் தினமும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாய். ஆனால் சுக்கான் சக்கரத்தில் கை வைக்க உன்னை ஒரு நாளும் விட்டதில்லை. ஊருக்குத் திரும்பிக் கரும்பு வண்டி ஓட்டினாய். சங்கராபரணி ஆற்றுக் கரை ஏற்றத்தில் பாரத்தோடு வண்டி பின்வாங்கி, சக்கரம் உன் இடுப்பில் ஏறி இறங்கியது. எங்கெங்கோ தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். இடுப்புக்குக் கீழே உனக்கு உணர்வு திரும்பவில்லை.

முதலில் நீ யாரோடும் பேசவில்லை. கட்டிலில் மல்லாந்து முகட்டையே பார்த்துக் கிடந்தாய். கூரை பழசு. சோகை மக்கி எங்கு பார்த்தாலும் ஓட்டை. வெயில் ஏறினால் இருட்டு வீட்டுக்குள் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு விசிறிக்கொண்டிருந்தபோது வாய் திறந்தாய்.

"மச்சான், மேல பாரு. எவ்ளோ நட்சத்திரம். நாம போய்க்கிட்டு இருக்கோம்டா."

"எங்க போறோம்?"

"அத்த அப்புறம் சொல்றேன். மொதல்ல அந்தச் சக்கரத்த எடுத்துக்கினு வா."

உன்மேல் ஏறின அதே சக்கரம். விறகுக்கு உடைக்க அஞ்சலை போட்டு வைத்திருந்தாள். அது வீட்டுக்குள் வரக் கூடாது என்று அழுதாள். நீ கேட்கவில்லை. கால்மாட்டுத் தூணில் அச்சைப் பதித்து அதை மாட்டினேன். கையால் தள்ளினால் சுற்றியது. அதுதான் சுக்கான். நான் சுக்கான் பிடிப்பவன், நீ கப்பல் தலைவன், கொமாந்தான்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாய், நான் செய்தேன். நடுவில் கட்டில், தலை தெற்கே. உத்திரத்திலிருந்து கயிற்றில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கயிற்றை இழுத்தால் உனக்கு வாசல் தெரியும், விட்டால் சக்கரமும் என் முகமும் தெரியும். வலது கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டின் கழுத்து மணி. இடது பக்கம் மண்சுவரைத் துளைத்து ஒரு மூங்கில் குழாய், மறுமுனை அடுப்பங்கரையில். அடுப்பங்கரைதான் இன்ஜின் ரூம்.

"இன்ஜின் ரூம், கஞ்சி ஆச்சா?"

"ஆவல. கொமாந்தான கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு இருக்கச் சொல்லு."

அவள் சிரித்ததை வெகு நாளைக்குப் பிறகு அந்தக் குழாய் வழியாகத்தான் நாம் கேட்டோம்.

கொமாந்தான் என்ற பேர் தெருவுக்கும் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரன் வாசலில் நின்று, "இன்னா கொமாந்தானே, கப்பலு திருக்காஞ்சி தாண்டிச்சா?" என்பான். "நீ எறங்குற எடம் எப்பவோ போயிடுச்சுடா, இப்ப குதி," என்பாய் நீ. அவனும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உன்னைப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு கை கொடுப்பான்.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம் வைத்தாய். கொமாந்தான் 'வுடு' என்று சொல்லாமல் சுக்கானிலிருந்து கையெடுக்கக் கூடாது. தினமும் கஞ்சி வரும்போது சொல்வாய், "போதும் மச்சான், வுடு."

போகிற இடத்தையும் ஒரு நாள் சொன்னாய். "அங்க தரையே கெடையாது. எல்லாரும் மெதந்துக்கினுதான் இருப்பாங்க. தரையே இல்லாத ஊர்ல காலு எதுக்கு?" அதைச் சொன்னபோது உன் முகத்தில் விளையாட்டு இல்லை. கேட்ட எனக்கும் சிரிப்பு வரவில்லை.

புரட்டாசியில் அஞ்சலை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, மழ வரப்போவுது. முதுகுப் புண்ணு நனஞ்சா ஆளு தாங்காது. கூரைய மாத்திடு." கூரை மாற்றினால் நட்சத்திரம் எல்லாம் போய்விடும். உன்னிடம் சொன்னேன். அன்று முழுக்க அந்தப் பொட்டுகளையே பார்த்துக் கிடந்தாய். பொழுது சாயும்போது குழாயில் வாய் வைத்தாய்.

"இன்ஜின் ரூம். எல்லாத்தையும் மூடிக்க. ஒண்ண மட்டும் வுட்டுடு. என் நெஞ்சுக்கு நேர் மேல."

"மழ பெஞ்சா?"

"பெஞ்சா நீ மூடு."

அப்படியே வேய்ந்தேன். மழை வந்தால் அஞ்சலை மூங்கில் கழியின் நுனியில் கொட்டாங்கச்சியைச் செருகி அந்த ஓட்டையை அடைப்பாள். வெயில் வந்தால் எடுத்துவிடுவாள். மாதா கோயில் உச்சி மணி அடிக்கும்போது அந்த ஒற்றை வெளிச்சம் எங்கே விழுகிறது என்று மூவரும் பார்ப்போம். நெஞ்சுக்கு நேராக விட்ட ஓட்டை, சூரியன் தெற்கே சாய்ந்திருந்ததால் வெளிச்சம் என்னவோ தொடையில் விழுந்தது. "அது நெஞ்சுக்கு வந்துச்சின்னா ஊரு வந்தாச்சுன்னு அர்த்தம்," என்றாய். ஆனால் அது கீழே கீழே போயிற்று. முழங்கால், கணுக்கால். மார்கழியில் பாதத்தையும் தாண்டித் தரையில் இறங்கிவிட்டது. அந்த நாட்களில் நீ சரியாகச் சாப்பிடவில்லை. தை பிறந்ததும் அது திரும்பி உன் கட்டை விரலில் ஏறி நின்றது. கண்ணாடியில் அதைப் பார்த்து மணியை அடித்துக்கொண்டே இருந்தாய்.

மாசியில் காய்ச்சல் கண்டது. புண் உள்ளே போய்விட்டது என்றார்கள். வெளிச்சம் முழங்காலைத் தாண்டியிருந்தது. இனி நீ தாங்கமாட்டாய் என்று அஞ்சலைக்குத் தெரிந்துவிட்டது. நீ கண் அயர்ந்திருந்த ஒரு பகலில், உச்சி மணிக்குக் கொஞ்சம் முன்னால், கட்டில் காலைப் பிடித்தாள். "ஒரு கை புடிண்ணே. வடக்க தள்ளிட்டா நெஞ்சுல வுழும்." தள்ளினோம். வெளிச்சம் உன் நெஞ்சில் வட்டமாக உட்கார்ந்தது. நீ கண் திறந்து கண்ணாடியைப் பார்த்தாய். அதில் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"யாரு கப்பலத் தள்ளுனது?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, இப்பிடிப் போயி எறங்குனா அது அந்த ஊரு இல்ல. பழய எடத்துலயே போடு. அது தானா வரட்டும்."

பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டோம்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், நான் சக்கரத்தில் கை வைத்து நின்றிருந்தேன். கஞ்சி நேரம் வந்து போயிற்று. நீ 'வுடு' சொல்லவில்லை. கண்ணாடியில் உன் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நீ பார்க்கிறாய் என்றுதான் நானும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அஞ்சலை கஞ்சியோடு உள்ளே வந்து, உன் நெற்றியில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கட்டிலை எடுக்க அவள் விடவில்லை. சித்திரையில் ஒரு நாள் உச்சி மணி அடித்தபோது, வெறும் கயிற்றின்மேல், உன் நெஞ்சு இருந்த இடத்தில், வெளிச்சம் வந்து நின்றது. அஞ்சலை அதைப் பார்த்தாள். அடுப்பங்கரைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் குழாய் வழியாக அவள் குரல் வந்தது.

"கொமாந்தானே, ஊரு வந்துடுச்சி."

கேட்க நான் மட்டும் இருந்தேன்.

இப்போது அவளும் இல்லை. வருஷத்துக்கு வருஷம் அந்த வீட்டுக்கு நான்தான் கூரை வேய்கிறேன், அந்த ஓட்டையை விட்டு. ஆளில்லாத வீட்டுக்குக் கூரை எதற்கு, அதிலும் ஓட்டை எதற்கு என்று கேட்கிறார்கள். சித்திரை வந்தால் போய், உச்சி மணி அடிக்கும் வரை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வெளிச்சம் கட்டிலுக்கு வருகிறது, கொஞ்ச நேரம் இருக்கிறது, நகர்ந்துவிடுகிறது. அதிக நேரம் நிற்க முடியவில்லை மச்சான், வயசாகிவிட்டது. ஆனாலும் கையெடுக்க வரவில்லை. நீ இன்னும் 'வுடு' என்று சொல்லவில்லை.