மைதானத்து அடுப்படி

அண்ணா,

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மகள் ஒரு பீன்ஸ் டின்னைத் திறந்தாள். தக்காளிச் சாற்றில் ஊறிய அந்த வெள்ளைப் பயற்றின் இனிப்பு வாடை சமையலறை முழுக்கப் பரவியது. "மம்மி, டோஸ்ட் கருகுது" என்று அவள் சத்தம் போட்ட பிறகுதான் அடுப்பு முன்னால் நான் சும்மா நின்றுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. அவள் உன்னைப் பார்த்ததில்லை. நீ போய்ச் சில வருடங்கள் கழித்துப் பிறந்தவள். ரொட்டியின் மேல் பீன்ஸை ஊற்றி, அவள் ரசித்துத் தின்பதை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. பள்ளி பஸ் போனதும் கதவைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

டெலிபோன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசிய காலம் அது. எனக்கு வளைகுடாவில், மனாமா நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை, பக்கத்துக் குதைபியாவில் நர்சுகளோடு ஒரு ரூம். நீ மீன்பிடி விசாவில் வந்து ஒரு அரபியின் படகில் இருந்தாய். அவர் படகை விற்றதும் வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் ஒரு கிளப்பின் சமையலறையில் சேர்ந்தாய். வேலைக்கு எடுத்தவர் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், பன்றி இறைச்சியைத் தொடுவாயா என்று. "மாதா கோயிலுக்குப் போறவன், தொட்டா எனக்கென்னன்னு சொன்னேன் மக்களே. ஒடனே வேலையைத் தந்துட்டானுவ" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அங்கே இருந்த மற்றவர்கள் அதைத் தொட மாட்டார்கள். அதனால் காலைச் சாப்பாட்டு அடுப்பு முழுக்க உன் பொறுப்பில் வந்தது.

வெள்ளிக்கிழமை கிளப்பின் பின்பக்கத்து மைதானத்தில் கால்பந்து நடக்கும். ஓரத்தில் ஒரு பழைய கண்டெய்னருக்கு ஜன்னல் வெட்டிக் கடையாக்கியிருந்தார்கள். நீ அதற்குள் நின்று பேக்கன் என்ற பன்றிக் கீற்றும் முட்டையும் பொரித்து பன்னில் வைத்துக் கொடுப்பாய். நான் பூசை முடிந்து நேராக அங்கே வருவேன். கண்டெய்னருக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட பால் கிரேட்டில் என்னை உட்காரவைத்து ஒரு தட்டு நிறையத் தருவாய். பொரித்த ரொட்டி, காளான், சாசேஜ், இனிப்புப் பீன்ஸ். பீன்ஸில் எனக்காக மட்டும் மிளகுத்தூள் தூவியிருப்பாய். கருப்பாக வட்டமாக ஒன்றை வைத்தபோது நான் முகத்தைச் சுளித்தேன்.

"என்னத்துக்கு மொகத்த சுளிக்க? நம்ம ரத்தப் பொரியல்தான். வெங்காயத்துக்குப் பதிலா ஓட்ஸ் போட்டிருக்கானுவ" என்றாய்.

தின்று பார்த்தேன். நீ சொன்னது சரிதான்.

மாட்டிறைச்சிச் சாற்றைக் கொதிக்கக் கொதிக்கக் கோப்பையில் வாங்கிக்கொண்டு போய் நின்று ஆட்டம் பார்ப்பார்கள் சிலர். அவர்கள் ஊர் மைதானத்துக் குளிருக்கு அது பொருந்தியிருக்கும். "இஞ்ச வேர்த்து ஊத்துது, இவனுவளுக்கு சூடா சாறு வேணும்" என்பாய். அதைச் சொல்லும்போது உன் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அப்போதெல்லாம் கண்டெய்னருக்குள் ஏசியாவது ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த ஏசி கெட்டு, சரிசெய்யாமல் சில வாரம் ஆகியிருந்தது. மே மாதக் கடைசி. சீசன் முடிகிற வெள்ளி என்பதால் காலை முதல் சாயங்காலம் வரை பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் போட்டி. முந்தின நாள் போனில் பேசினாய்.

"உள்ள தீயில நிக்க மாதிரி இருக்கு மக்களே. சூப்பர்வைசர்ட்ட சொல்லியாச்சு. மேட்ச் முடியட்டும், மாத்தலாம்ங்கான்."

"அப்ப போகாண்டாம். லீவு போடு."

"ரெண்டு பேரு நிக்க எடம். மத்தவன் ஊருக்குப் போயிருக்கான். இந்த ஒரு வெள்ளிதான், கேட்டியா. நீ பூசை முடிஞ்சு வா."

வந்தேன். கடை ஜன்னலுக்கு முன்னால் வரிசை நின்றது. ஆனால் ஜன்னலில் நீ இல்லை. பின்பக்கம் ஓடினேன். நான் எப்போதும் உட்காரும் இடத்தில் உன்னை மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் உன் முகத்தில் பாட்டில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தார். "மயக்கம் சிஸ்டர், ஆம்புலன்ஸ் வருது" என்றார். நெற்றியில் கை வைத்தேன். ஒரு சொட்டு வேர்வை இல்லை. அடுப்புக் கல்லைத் தொட்டது போல இருந்தது. அது மயக்கமில்லை, ஹீட் ஸ்ட்ரோக் என்று எனக்குத் தெரியும், அண்ணா. அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

ஐஸ் என்று கத்தினேன். எந்த மொழியில் கத்தினேனோ தெரியாது. வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்காரர், பிள்ளையை விளையாட அழைத்து வந்தவர், குளிர்பானப் பெட்டியைத் தூக்கி வந்து அப்படியே உன்மேல் கவிழ்த்தார். உன் சட்டையைக் கிழித்து, அக்குளிலும் கழுத்திலும் ஐஸை அள்ளி வைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி விசிறினார். மைதானத்தில் ஒரு கோல் விழுந்து எல்லோரும் கை தட்டினார்கள். நீ கண்ணைத் திறந்தாய். என்னைப் பார்த்தாயா, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தாயா, இன்றும் தெரியவில்லை.

"மக்களே, அடுப்பை அணைச்சாச்சா?" என்றாய்.

"அணைச்சாச்சு" என்றேன். அணைத்திருக்கவில்லை. உள்ளே பேக்கன் கருகிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நீ பேசவில்லை. இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

கம்பெனி ஆள் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தார். அவரோடு சூப்பர்வைசரும் வந்தார். ஏசி ஓடாத இரும்புப் பெட்டிக்குள் அடுப்போடு நிற்கவைத்தீர்களே என்று கேட்டேன். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். கம்பெனி ஆள், "ஹார்ட் அட்டாக், சிஸ்டர். ஆண்டவன் சித்தம். கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்றார். டாக்டரிடம் போனேன். உடம்பின் சூடு எவ்வளவு இருந்தது என்று அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல், இதயம் நின்றுவிட்டது என்றுதான் எழுத முடியும் என்றார். எல்லாச் சாவிலும் இதயம் நிற்கத்தானே செய்யும் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்து போனார். எம்பசிக்குப் போனேன். சமூக சேவை செய்கிற ஒருவரை அழைத்துக்கொண்டு கம்பெனிக்கும் போனேன். எல்லா இடத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இயற்கை மரணம் என்பதை ஒருவரும் மாற்றவில்லை. உன்னை அதிக நாள் குளிர்பெட்டியில் வைத்திருக்க மனசு வரவில்லை. கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

பெட்டியைத் திறக்கவே கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தபின் அழுகையை நிறுத்திவிட்டு என்னிடம், "கறுத்துப் போயிருக்கானே, அங்க நல்லா சாப்பிட்டானா?" என்று கேட்டாள். நல்லா சாப்பிட்டான் அம்மா, அவன்தானே எல்லாருக்கும் சமைச்சான் என்றேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

லீவு முடிந்து திரும்பிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மைதானம் வரை போனேன். கண்டெய்னரின் பக்கச் சுவரில் புது ஏசி மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நேபாளத்துக்காரர் ஒருவர் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார். "சிஸ்டர், க்யா சாஹியே?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தச் சொட்டுத் தண்ணீரைப் பார்க்கத்தான் முடியவில்லை. அதன்பின் அந்தப் பக்கம் போனதில்லை.

மறு வருடம் எமர்ஜென்சிக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். அங்கே வேலை அதிகம், ஏன் கேட்கிறாய் என்றார்கள். வெயில் காலம் தொடங்கினால் கட்டட சைட்டிலிருந்தும் தொழிலாளர் கேம்பிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவருவார்கள். பெயரும் அடையாளக் கார்டும் கேட்பதற்கு முன்னால் நான் நெற்றியில் கை வைத்துவிடுவேன். டாக்டர் வரும் முன்பே சட்டையை வெட்டி ஐஸ் வைப்பேன். இதற்காக ஒருமுறை மெமோ வாங்கியிருக்கிறேன். எதனால் விழுந்தான், எங்கே நின்றிருந்தான் என்று கூட வந்தவர்களைக் கேட்டு, நர்ஸ் எழுதும் குறிப்பில் அப்படியே எழுதுவேன். அதை யாரும் படிக்கிறார்களா என்று தெரியாது. எல்லோரும் பிழைப்பதில்லை.

போன ஆகஸ்டில் ஒருவர் பிழைத்தார். தெலுங்குக்காரர், ரோடு போடுகிற வேலை. கண் விழித்ததும் பதறிப்போய்க் கட்டிலுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். செருப்பைத் தேடுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தார் ஒட்டிய ரப்பர் செருப்பு. அதை எடுத்துக் காட்டியதும் அமைதியாகித் தூங்கிவிட்டார். இரண்டாம் நாள் அனுப்பும்போது நானே குனிந்து அதை அவர் காலில் மாட்டிவிட்டேன். "வேண்டாம் சிஸ்டர்" என்று வெட்கப்பட்டார்.

பிறகு எழுந்து நடந்து போனார், அண்ணா. தன் காலால் நடந்து போனார். அவர் வாசலைத் தாண்டும்வரை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.