மாநாட்டுப் பந்தலில் கேட்ட மன்னிப்பு

அம்மா,

பீரோவின் அடித்தட்டிலிருந்து உங்கள் புர்காவை எடுத்தேன். என்னுடையது தையல் விட்டுக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தைத்து வாங்க முடியாது. உதறியதும் நீலகிரித் தைல வாசம் வந்தது. துவைத்துத்தான் வைத்திருந்தேன், அப்படியும் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் மாநாடு. விளாங்குடி தாண்டி அதே மண்டபத்தில்தான் இந்த வருஷமும் பந்தல் போடுகிறார்கள்.

நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. உங்களிடம் ஒரு சங்கதி சொல்ல வேண்டியிருக்கிறது. தொழுதுவிட்டுக் கையேந்தி துஆவில் சொல்லலாம் என்றால் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாநாடு என்றாலே உங்களுக்குத் தூக்கம்தான். மகபூப்பாளையத்து வேனிலிருந்து இறங்கும்போதே கண் சொருகும். மேடையில் ஆலிமா பயான் பேசத் தொடங்கிய கையோடு உங்கள் தலை என் தோளுக்கு வந்துவிடும். குறட்டை வந்தால் தொடையில் கிள்ளுவது என் வேலை. கிள்ளியதும், "கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்பீர்கள். நெய்ச்சோற்று வாசம் வந்தால் மட்டும் கிள்ளாமலே விழிப்பீர்கள். வருஷா வருஷம் இதே கூத்துதான். அதற்காக உங்களைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

கடைசி வருஷம் மாநாட்டுக்கு முந்தின நாள் சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் தைல வாசம். என்னவென்று கேட்டதற்கு இடுப்பில் வாயு என்றீர்கள். மீன் குழம்பு வைத்திருந்தேன், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. காலையில் புர்கா போடும்போது அது தோளில் நிற்காமல் சரிந்தது. சேஃப்டி பின் குத்திவிட்டுக்கொண்டே, மருமகள் சோறு போடுவதில்லையா என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் அதைக் கவனிக்காமல் விட்டேன்.

அன்று பயான் முழுக்க நீங்கள் தூங்கவே இல்லை. புறம் பேசுவதைப் பற்றித்தான் பேச்சு. ஒருவரிடம் உள்ள குறையைச் சொன்னால்தான் அது புறம், இல்லாததைச் சொன்னால் அது அவதூறு, இரண்டுக்கும் தனித்தனி தண்டனை என்றார் ஆலிமா. இறைவனுக்குச் செய்த குற்றத்தை இறைவன் பொறுப்பான், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தீர்ப்பு நாளில் நம் நன்மைகளை அவருக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும் என்றார். இது எல்லோரும் ஆயிரம் தடவை கேட்டதுதான். முன் வரிசைப் பெண்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் முதுகை நிமிர்த்தி, யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தீர்கள். தூங்குங்களேன் அம்மா என்று சொல்லத் தோன்றியது.

சாப்பாட்டு நேரத்தில் எழுந்தீர்கள். பந்திப் பக்கம் போகவில்லை. வளையல் கடை மைமூன் அக்காவிடம் போய் அவர் கைகள் இரண்டையும் பிடித்தீர்கள். தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். மைமூன் அக்கா முகமெல்லாம் பல்லாக, "ஹஜ்ஜுக்கா, உம்ராவுக்கா? மதினால எம் பேரச் சொல்லி ஒரு ஸலாம் சொல்லிருங்கக்கா" என்றார். நம்மில் புனிதப் பயணம் போகிறவர்கள்தானே இப்படி ஒவ்வொருவராகப் பார்த்து மன்னிப்புக் கேட்பார்கள். அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. நீங்கள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்தவரும் அப்படியே நினைத்தார். அதற்கடுத்தவர் தன் பேரனுக்கு வேலை கிடைக்க துஆ கேட்கச் சொன்னார். ஒருவர் ஜம்ஜம் தண்ணீர் வேண்டும் என்றார். தண்ணீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த எனக்கு ஆத்திரமான ஆத்திரம். துபாயிலிருந்து அண்ணன் பணம் அனுப்பி உம்ராவுக்கு ஏற்பாடு செய்திருக்கிறான், ஊருக்கெல்லாம் தெரிகிறது, பெற்ற மகளுக்குத் தெரியவில்லை. இன்று வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் சண்டை போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பந்தலின் நடுவில் வந்தபோதுதான் உறைத்தது. உங்களுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. அதற்குப் பிறகு நீங்கள் பிடித்த ஒவ்வொரு கையையும் பயந்துகொண்டே பார்த்தேன்.

கடைசியாக ஜமீலா மாமியிடம் போனீர்கள். அங்கே போகத்தான் மற்ற எல்லோரிடமும் போனீர்கள் என்று எனக்குப் புரிந்தது. மாமி வீட்டுக்கும் நமக்கும் பேச்சு நின்று அப்போதே எட்டு வருஷம். அவர் மகள் ஃபரீதாவைப் பெண் பார்க்க மேலூரிலிருந்து வந்தவர்கள், அக்கம்பக்கம் என்று நம் வீட்டில் விசாரித்தார்கள். நீங்கள் டீ கொடுத்து, சின்னப் பிள்ளையில் அவளுக்கு வலிப்பு வந்தது, இப்போது ஒன்றுமில்லை, தங்கமான பெண் என்று சொன்னீர்கள். அவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பேச்சு அவர்களோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு வந்த இடங்களும் ஒவ்வொன்றாகத் தட்டிப் போயின. உள்ளதைத்தானே சொன்னேன், நல்லாருக்கான்னும் சொன்னேனே என்று எத்தனை தடவை என்னிடம் வாதாடியிருப்பீர்கள்.

மாமி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஃபரீதா பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் மண்டியிட்டு மாமியின் கையைப் பிடித்தீர்கள். "ஜமீலா, நான் பேசுனது தப்பு. பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு" என்றீர்கள். மாமி கையை உதறவில்லை. சோறு ஆறும் வரை உங்களையே பார்த்தார்.

"நல்லபடியாப் போயிட்டு வாங்க," என்றார். "வந்தப்பறம் பேசிக்கிருவோம்."

நீங்கள் சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தீர்கள். எழ முடியாமல் என் கையைப் பிடித்தீர்கள். உங்கள் கை ஜில்லென்று இருந்தது.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன், எங்கே போகிறீர்கள் என்று. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "பெரியாஸ்பத்திரில பாத்தேன். ஈரல்ல கட்டி இருக்காம். ரொம்ப முத்திப்போச்சுங்கிறாக." ஆட்டோக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். நான் அழவில்லை, திட்டினேன். மாமியிடம் திரும்பிப் போய் உள்ளதைச் சொல்லுவோம், ஒரு நிமிஷத்தில் பொறுத்துக்கொள்வார் என்று கத்தினேன். நீங்கள் என் வாயைப் பொத்தினீர்கள். "நோயக் காட்டி வாங்குனா அது மன்னிப்பு இல்லத்தா. பிச்ச" என்றீர்கள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு இருந்த நாட்களில் வலியைவிடப் பெரிய பாடு மாமியை எதிர்பார்த்துக் கிடந்ததுதான். கேட் சத்தம் கேட்டால், "ஜமீலாவா பாரு" என்பீர்கள். பால்காரராக இருக்கும், இல்லையென்றால் கேபிள்காரர். நினைவு தப்பிய பிறகும் வாசலைப் பார்த்தே படுத்திருந்தீர்கள். நோன்பு பிறப்பதற்கு முன்பே போய்விட்டீர்கள்.

மாமி மையத்து வீட்டுக்கு வந்தார். மைமூன் அக்கா தலையில் அடித்துக்கொண்டு, இந்தப் பயணத்துக்கா ஸலாம் சொல்லி அனுப்பினேன் என்று அழுதார். மாமி அழாமல் உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தபோது நான் பின்னாலேயே போய்க் கேட்டேன், இப்போதாவது சொல்லுங்கள் மாமி என்று. சத்தியம் முடிந்துவிட்டதல்லவா. அவர் செருப்பைத் தேடிக்கொண்டே, "நான் என்னைக்கோ பொறுத்துட்டேன். நான் பொறுத்து என்ன ஆகப்போகுது? கெட்டது எம் வாழ்க்கையா?" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. நீங்களும் நானும் தப்பான ஆளிடம் கேட்டிருக்கிறோம் அம்மா. கேட்க வேண்டியவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள்.

நேற்றுதான் துணிந்து ஃபரீதாவைப் போய்ப் பார்த்தேன். காளவாசலில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். நரை தெரிகிறது. கூட்டம் குறையும் வரை நின்று, உங்களுக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். அவள் ஒருவருக்கு மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்து, சில்லறையும் எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு உங்கம்மா எங்கம்மா கையப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்கள்ல, நான் அவங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்க்கா. ஒருக்கா திரும்புவாங்க, எம் மூஞ்சியப் பாப்பாங்கன்னு."

அதற்காகத்தான் நான் வந்திருக்கிறேன் என்றேன்.

"நீங்க எனக்கு என்ன பண்ணீங்க, உங்ககிட்டச் சொல்ல? அவங்களுக்குச் சொல்ல வேண்டியத நான் தீர்ப்பு நாள்ல, மஹ்ஷர் மைதானத்துல அவங்ககிட்டயே சொல்லிக்கிறேன்" என்றாள். அவள் குரலில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் என்னை நேற்று ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லை. பொறுத்துவிட்டேன் என்று சொல்லப் போகிறாளா, உங்கள் நன்மைகளையெல்லாம் ஈடாகக் கேட்டு வாங்கப் போகிறாளா, எனக்குத் தெரியவில்லை. இதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். இறக்கி வைக்க உங்களைத் தவிர ஆள் இல்லை.

தீர்ப்பு நாளில் அந்த மைதானத்தில் தாய் மகளைத் திரும்பிப் பார்க்க மாட்டாளாம், அவளவளுக்கு அவளவள் பாடாம். பார்க்க வேண்டாம் அம்மா, நான் வருத்தப்பட மாட்டேன். என்னைத் தேட வேண்டாம். ஃபரீதா வருவாள். அவள் முகத்தை மட்டும் பாருங்கள்.