தராசில் சாமுவேல்

ஜூலை 6, வெள்ளி

காலையிலிருந்து தூறல். மூன்றாம் வகுப்புப் பெண்களுக்குப் பொருட்பாடம்: எடை. அரிசி, கரி, செங்கல் எல்லாம் நிறுத்தாயிற்று. பிள்ளைகளுக்குச் சலிப்பு. வகுப்பு மூலையில் தூளியிலிருந்த என் சாமுவேலைத் தூக்கித் தராசுத் தட்டில் வைத்தேன். ஒரே சிரிப்பு. முதலில் துணி மட்டும், பிறகு துணியோடு பிள்ளை, கழித்தால் விடை. மூன்றரை வீசை. நாலு மாதத்துக்குப் பரவாயில்லை. இனி வெள்ளிதோறும் இவனே பாடம்.

சோப்பு வாங்க வேண்டும்.

ஜூலை 13, வெள்ளி

மூன்றே கால்தான். தராசுப் பிழையாக இருக்கும் என்று தட்டை மாற்றி நிறுக்கச் சொன்னேன். அதே மூன்றே கால். முன்வரிசை அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலைக் கக்குகிறான். ஷிப்ட் முடிந்து வந்த இவர், "இன்னாத்துக்கு பயப்படுற? பல்லு மொளைக்கப் போவுது, அதான்" என்றார். இருக்கலாம்.

ஜூலை 20, வெள்ளி

மூன்றரை! வகுப்பே கை தட்டியது. ஸ்தோத்திரம் சொல்லிப் பிள்ளையைத் தூக்கினேன். துணி மடிப்பிலிருந்து கைமுட்டி அளவு கூழாங்கல் ஒன்று தரையில் விழுந்தது.

துணி சுற்றியவள் அஞ்சலை. "நீங்க அழக்கூடாதுன்னுதான் வெச்சேன் டீச்சரம்மா." அடிக்கக் கை வரவில்லை. அவளையே மறுபடி நிறுக்கச் சொன்னேன்.

மூன்று வீசை. வாய்க்குள்ளேயே சொன்னாள்.

ஜூலை 21, சனி

சாம்பியன் ரீப்ஸ் சுரங்க ஆஸ்பத்திரி. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "ரொம்ப எளச்சிட்டானேம்மா." ஒரு புட்டி மருந்து, பார்லித் தண்ணீர். இரண்டும் தங்கவில்லை.

ஜூலை 24, செவ்வாய்

சாமுவேல் போய்விட்டான். இவர் ஷிப்ட்டுக்குக் கிளம்புகிற நேரம். செருப்பைப் போட்டவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்டு 1, புதன்

வீட்டில் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் போனேன். தராசை யாரோ எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டார்கள். நீளம் நடத்தினேன். மேசை, சன்னல், கரும்பலகை.

அஞ்சலை கடைசி வரிசையில். தலை நிமிரவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் கல்லு வெச்சதாலயா டீச்சரம்மா?" "இல்லடி கண்ணு. இல்லவே இல்ல." நம்பினாளோ என்னவோ.

சன்னல் உயரத்தை எழுதிக் காட்டும்போது பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானைக்கு அடங்கவில்லை. அஞ்சலை பார்த்துவிட்டாள். எழுந்து வந்து எனக்கு முன்னால் மறைத்து நின்றாள்.

"எல்லாரும் சிலேட்டுல எழுதுங்கடி. தலைய தூக்காதீங்க" என்றாள்.

ஒருத்தியும் தூக்கவில்லை.