தக்காளி நீதிபதி

ஏப்ரல் 3, புதன்

நோன்பு மாதமாதலால் வகுப்புகள் விரைவில் முடிகின்றன. ஆயினும் பள்ளியின் திரைப்படக் கழகத்தை நான் நிறுத்தவில்லை. இணையப் புகழால் அலைக்கழிந்த ஒரு சிறுவனைப் பற்றிய ஆவணப்படத்தைத் திரையிட்டுக் கருத்துக் கேட்டேன். மலேக் மட்டும் கை தூக்கினாள்.

"சார், இதுல அழுறவங்களுக்குக்கூட லைட்டு போட்டிருக்காங்க. நம்ம ஸ்ஃபாக்ஸ் ஊர்ல இப்படி ஃபேமஸா யாரு சார் இருக்கா?"

நியாயமான கேள்வி. எனவே, இவ்வாண்டு நம் ஊரில் இணையப் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றி நாமே ஓர் ஆவணப்படம் எடுத்து, மே மாதம் பண்பாட்டு மாளிகையில் நடக்கும் மாணவர் போட்டியில் திரையிடுவதென்று முடிவு செய்தோம். குடிமையியல் ஆசிரியன் என்ற முறையில் ஒரே ஒரு விதி வகுத்தேன்: படத்தில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டும், அவர் சம்மதித்த பிறகே பிறர் பார்க்கலாம்.

ஏப்ரல் 6, சனி

புகழ்பெற்றவர் எவரும் அகப்படவில்லை. கழக மாணவன் அய்ஹெம் தன் மாமன் மகனைப் பரிந்துரைத்தான். விசாரித்ததில், அவனைப் பின்தொடர்வோர் அனைவரும் உறவினர்கள்.

ஏப்ரல் 10, புதன், பெருநாள்

தொழுகை முடிந்து வீடு திரும்பினேன். உப்பு மீன், அதற்குத் தொட்டுக்கொள்ள ஷர்மூலா. என் மனைவி நாஜியா பொறுமையாக வதக்கிய வெங்காயமும் உலர்திராட்சையும் — குறை சொல்ல இடமே இல்லை.

எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் அய்ஹெம், அவன் தாய் சல்வா கொடுத்தனுப்பிய பெருநாள் தட்டோடு வந்தான். அவர் தெற்கே ஸர்ஸிஸில் பிறந்தவர். அவருடைய ஷர்மூலாவில் தக்காளி! பையனை உட்காரவைத்து முறைப்படி விளக்கினேன். கைபேசியைத் தட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தான் என்பதை நான் அறியவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

பதிவேற்றிவிட்டான். "பிரிவு ஒன்று, வெங்காயம். பிரிவு ரெண்டு, உலர்திராட்சை. பிரிவு மூணு கிடையாது! தக்காளி சட்டமீறல்!" — விரலை உயர்த்தியபடி நான். நாடே பார்க்கிறது. எங்கள் ஊரார் கைதட்டுகிறார்கள். தெற்கத்தியர் என் பட்டத்தைப் பிடுங்கச் சொல்கிறார்கள்.

அய்ஹெமை அழைத்து விதியை நினைவூட்டினேன்.

"இப்பவே அழிச்சிடறேன் சார். ஆனா பேக்கரிக்காரர் உங்களுக்கு ஒரு பேரு வச்சிருக்காரு. அதக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

தக்காளி நீதிபதி. கடையில் நின்றவர்கள் எனக்கு வழிவிட்டார்கள்.

திரும்பி வந்து அழிக்கச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேனா?

ஏப்ரல் 15, திங்கள்

"சார், நம்ம படத்துக்கு ஆளு கெடச்சாச்சு" என்றாள் மலேக். யார் என்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

சம்மதித்தேன் — முற்றிலும் கல்வி நோக்கில்.

ஏப்ரல் 17, புதன்

குஸ்குஸ் ரவையை ஆவியில் வேகவைக்கும் முறை பற்றி நானே ஒரு காணொளி வெளியிட்டேன். நல்ல வரவேற்பு.

"ஏங்க, வீட்டுக்குள்ள எதுக்கு இந்தக் கோட்டு?" என்றாள் நாஜியா.

ஏப்ரல் 20, சனி

மிளகாய் இடிப்பது பற்றிய காணொளி எதிர்பார்த்தபடி பரவவில்லை. வெளிச்சம் போதவில்லை.

ஏப்ரல் 24, புதன்

கழகத்திற்குச் சற்றுத் தாமதமாகச் சென்றேன். தவிர்க்க இயலாத பணி.

மே 2, வியாழன்

படத்தை எனக்குக் காட்டினார்கள். எழுதவே கை வரவில்லை.

வெற்று வகுப்பறையில் ஒருவன் தன் கைபேசியைப் பார்த்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் தலைமுடியைச் சரிசெய்கிறான். அடுத்த காட்சி: பூட்டிய கழக அறை வாசலில் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சாவி என்னிடம். அன்றைய தவிர்க்க இயலாத பணி அந்த வாக்கியம்தான்.

இறுதியில் சல்வா. "சட்டமீறல்னாரு. நாஜியா தட்டு நெறைய பலகாரம் வச்சுத் திருப்பி அனுப்பினாங்க, தங்கமான மனுஷி. ஆனா என் ஷர்மூலா ஒரு துளி மிச்சம் வரல. எங்க போச்சுன்னு நீதிபதியைக் கேளுங்க!"

உண்மைதான். பெருநாளன்று அய்ஹெம் போன பிறகு ரொட்டியால் வழித்து உண்டேன். இந்த நாட்குறிப்பில்கூட அதை எழுதவில்லை.

"முடியாது" என்றேன். ஊரே பார்க்கும். ஊரென்ன, நாடே பார்க்கும்.

மலேக் கணினியை மூடினாள். "உங்க விதி சார். படம் போகாது."

மே 5, ஞாயிறு

எல்லோர் கைபேசியிலும் படம் இருக்கிறது. இதுவரை எங்கும் வெளிவரவில்லை. வாசலில் காக்கவைத்ததற்கு என்னைப் பழிவாங்கலாம், சிரிக்கலாம், எனக்குக் கிடைத்தது போலப் புகழும் பெறலாம். வெளிவரவில்லை.

படிக்கட்டில் அய்ஹெம். "எனக்குக் கை அரிக்குது சார், பொய் சொல்லல. ஆனா சார் பார்த்துட்டு வேணாம்னா வேணாம்தான். மலேக் தெனமும் எங்ககிட்ட அதையே சொல்றா."

நான் வகுத்த விதியை இவர்கள்தாம் காக்கிறார்கள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கோட்டுக்கு இஸ்திரி போட்டேன்.

மே 7, செவ்வாய்

அய்ஹெமிடம் படத்தைக் கேட்டு வாங்கி நாஜியாவுக்குப் போட்டுக் காட்டினேன். முடி சரிசெய்யும் இடம் வந்ததும் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள்.

"ஐயோ, நிறுத்தாதீங்க! மறுபடி போடுங்க! முப்பது வருஷமா நான் பார்க்கிற முகத்த நாடும் பார்க்கட்டுமே!"

நானும் சிரித்தேன். எப்போது தொடங்கினேன் என்று தெரியவில்லை, நிறுத்த முடியவில்லை. படம் நன்றாக இருக்கிறது. நேர்மையாக இருக்கிறது. ஒருவரையும் வெறுக்கவில்லை.

உடனே மலேக்கைத் தொலைபேசியில் அழைத்துச் சம்மதம் என்றேன். மறுமுனையில் வீடே கத்தியது.

மே 11, சனி

பண்பாட்டு மாளிகை நிரம்பி வழிந்தது. சல்வா பேசியபோது எழுந்த சிரிப்பில் அடுத்த வரி எவருக்கும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த அவர் என் தோளைத் தட்டி, "நல்லாத்தான் நடிக்கிறீங்க, சார்!" என்றார். இரண்டாம் பரிசு. அய்ஹெம் முதற்பரிசு வாங்கியவனைப் போல மேடையில் ஆடினான்.

மே 17, வெள்ளி

என் சம்மதத்தோடு படம் இணையத்தில் ஏறியதிலிருந்து மலேக்கின் பெயர் எங்கும் அடிபடுகிறது. முதல் மணிக்கு முன்னரே என் மேசையருகே வந்து நின்றாள், கண்கள் சிவந்திருந்தன.

"சார், முன்னப்பின்ன தெரியாதவங்கள்லாம் என்னைய மேதைங்கறாங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா தூக்கமே வரல. ஃபோனையே பார்த்துக்கிட்டே இருக்கேன். என்ன செய்யட்டும்?"

"தெரியலம்மா" என்றேன். "நான் என்ன செஞ்சேன்னுதான் நீயே படம் எடுத்துட்டியே."

வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தன் கைபேசியை என் முன்னால் வைத்தாள். "சாயங்காலம் வரைக்கும் வச்சிருங்க சார்."

மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நாள் முழுவதும் அது உள்ளே அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தை நடத்தி முடித்தேன்.